எம்.எஸ்சி. முடித்து அறிவியல் செய்தி எழுத வருவது: எங்கிருந்து தொடங்கலாம்?

தேன்சிட்டு: நுண்ணுயிரியல் எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர். ஆய்வகத்தைவிட எழுத்தில்தான் மனம் போகிறது. இதழியல் டிப்ளமோ வேண்டுமா? பல்கலைக்கழகச் செய்திக்குறிப்பை வைத்தே எழுதினால் போதுமா?

வரப்பு: டிப்ளமோ கட்டாயமில்லை. வெளியான கட்டுரைகளைத்தான் ஆசிரியர்கள் கேட்பார்கள். செய்திக்குறிப்பு மட்டும் போதவே போதாது. பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 குறிப்புகளை மூல ஆய்வுகளோடு ஒப்பிட்டு 2014-ல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஆய்வு சொல்லாத அளவுக்கு அறிவுரையை ஊதிப் பெருக்கியவை 40 சதவீதம்! மூலக்கட்டுரையில் முதலில் செய்முறைப் பகுதிக்குப் போங்கள்: எலியா மனிதரா, எத்தனை பேர், ஒப்பீட்டுக் குழு உண்டா? கடைசிப் பக்கத்தில் நிதி யாருடையது என்று இருக்கும். பிறகு அந்த ஆய்வில் சேராத ஒருவரிடம் கருத்துக் கேளுங்கள். மேற்கோள் பட்டியலிலேயே ஆள் கிடைப்பார். மூன்று கேள்வி, பதில் வேண்டிய நாள், இவ்வளவுதான் மின்னஞ்சலில் இருக்கணும்.

நிலாமுற்றம்: எண்களில்தான் பலர் சறுக்குகிறார்கள். 1995 அக்டோபரில் பிரிட்டனில், சில புதிய கருத்தடை மாத்திரைகளால் இரத்தக்கட்டி ஆபத்து இரு மடங்காகும் என்ற எச்சரிக்கை தலைப்புச் செய்தியானது. உண்மையில் 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது இருவருக்கு வரும் என்பதே கணக்கு. பயந்து மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதல். இத்தனைக்கும் கர்ப்பத்திலேயே இரத்தக்கட்டி ஆபத்து அந்த மாத்திரையைவிட அதிகம். 'இரு மடங்கு', '30 சதவீதம் குறைவு' என்று எழுதும் முன் எத்தனை பேரில் எத்தனை பேர் என்று கேளுங்கள். கட்டுரையில் அந்த எண் இல்லையென்றால் ஆய்வாளரிடமே கேட்டு வாங்குங்கள். இதில் சமரசம் கூடாது.

தேன்சிட்டு: நன்றி. ஆசிரியருக்கு எப்படி எழுதுவது? ஆய்வுச் செய்திக்குறிப்புகள் வரும் யுரேகாஅலர்ட் தளத்தில் பதியலாமா?

வரப்பு: 'கிரிஸ்பர் மரபணுத் திருத்தம் பற்றி எழுதட்டுமா' என்று அனுப்பினால் பதில் வராது, அது தலைப்புதான், செய்தியில்லை. முதல் வரியில் கண்டுபிடிப்பு, அடுத்து இப்போது ஏன், யாரிடம் பேசுவீர்கள். 200 சொல்லுக்குள் முடியுங்கள். யுரேகாஅலர்ட்டில் தடைக்காலச் செய்திகளைப் பார்க்க, பெயரோடு வெளியான கட்டுரைகளைக் காட்ட வேண்டியிருக்கும். எனவே முதலில் சிறு இதழ்களில் எழுதிச் சேருங்கள். தடைக்காலம் என்றால் அந்த நேரம் வரை வெளியிடக் கூடாது. நேச்சர் இதழுக்குப் புதன்கிழமை லண்டன் நேரம் மாலை 4 மணி; நமக்கு, அங்கே கோடை நேரம் நடக்கும்போது இரவு 8.30, குளிர்கால நேரத்தில் 9.30. இந்த ஒரு மணி வித்தியாசத்தைக் கவனிக்காமல் முந்தி வெளியிட்டால் அனுமதியே பறிபோகலாம்.