தரைப்பாலத்தில் நின்ற லோடு வண்டி: செல்ப் அடிக்கலாமா?

கேட்டவர், களக்காடு:
நேற்று சாயங்காலம் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போன வண்டி தரைப்பாலத்தில் நின்றுவிட்டது. மலையில் நல்ல மழை. பச்சையாற்றுத் தண்ணீர் பாதி டயர் வரைக்கும்தான் ஓடியது. எதிரே வந்த பஸ் தள்ளிய அலை அடித்ததும் ஆஃப். 2 சிலிண்டர் டீசல், 700 சிசி. டிரைவர் ஒரு தடவை செல்ப் அடித்தார். 'டொக்' என்று ஒரு சத்தம், சுற்றவில்லை. பேட்டரி இறங்கிவிட்டதா, வேறு ஏதுமா? தாரை வேறு வண்டிக்கு மாற்றியாச்சு. அண்ணாச்சிமார் யாராவது சொல்லுங்க.

பதில், வள்ளியூர்:
பயப்பட ஒன்றுமில்லை. ஏர் ஃபில்டரைக் காயவைத்துவிட்டு, செகண்ட் கியரில் போட்டுத் தள்ளுங்க. எடுத்துடும்.

பதில், மேலப்பாளையம் (டீசல் மெக்கானிக்):
தள்ளவே தள்ளாதீங்க தம்பி! முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்க. உங்க வண்டியில் ஒரு சிலிண்டர் 350 சிசி. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சுகிற இடம் ஏறக்குறைய 17 சிசிதான். காற்று என்றால் அதற்குள் அமுங்கும், தண்ணீர் அமுங்காது. நாலு டீஸ்பூன் உள்ளே போயிருந்தாலே பிஸ்டன் முட்டி நிற்கும். அந்த 'டொக்' அதுதான். வண்டியைத் தள்ளினால் அதன் கனம் முழுக்க, பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடில் இறங்கும்.

ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்க. ஈரம் இருந்தால் கட்டி இழுத்தே கொண்டுபோங்க. டீசல் பீய்ச்சுகிற இரண்டு இன்ஜெக்டரையும் கழற்றி, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றணும். துவாரத்துக்கு நேரே முகத்தைக் காட்டாதீங்க, பீய்ச்சி அடிக்கும்.

கேட்டவர்:
பெட்டிக்குள் மணலும், ஊறிப்போன வாழைச்சருகும்! பேப்பர் ஃபில்டர் ஒரு ஓரம் கிழிந்திருக்கு. இன்சூரன்ஸில் கேட்கலாமா?

பதில், பாளையங்கோட்டை:
படம் எடுத்துவிட்டுப் பிரிக்குமுன் தகவல் சொல்லுங்க. தண்ணீரில் நின்றபிறகு செல்ப் அடித்து வந்த சேதம் என்றால், சாதாரண பாலிசியில் பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள். இன்ஜினுக்குத் தனிப் பாதுகாப்பு சேர்த்திருக்கா என்று பாருங்க. 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் இந்தப் பக்கம் இந்தப் பேச்சு ரொம்பவே அடிபட்டது.

கேட்டவர்:
இன்சூரன்ஸ் சர்வேயர் பார்த்துவிட்டுப் போனபிறகு பிரித்தாச்சு. இரண்டாவது சிலிண்டரில் கலங்கல் தண்ணீர் கூரை வரைக்கும் அடித்தது. இப்போது கையால் சுற்றினால் தாராளமாகச் சுற்றுது. சம்ப் (இன்ஜின் அடித்தொட்டி) ஆயில் தண்ணீர் கலந்து பால் விட்ட டீ மாதிரி இருக்கு. ஆயில் மாற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணலாமா?

மேலப்பாளையம்:
சுற்றுவதை நம்பாதீங்க. லேசாக வளைந்த ராடும் சுற்றும். லோடோடு பத்து நாள் ஓடியபிறகு உடைந்து பிளாக்கைக் குத்தும். இரண்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (காற்றழுத்தம்) பாருங்க. ஒன்றில் குறைந்தால் ஹெட்டைக் கழற்றி, இரண்டு பிஸ்டனும் உச்சியில் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று அளக்கணும். கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் ஆயிலையும் திறந்து பாருங்க, பிரீதர் (காற்றுத் துவாரம்) வழியாக அங்கேயும் தண்ணீர் போகும்.

கேட்டவர்:
ஹெட்டைக் கழற்றிப் பார்த்தாச்சு. இரண்டாவது பிஸ்டன் ஒரு மில்லிமீட்டருக்கு மேலேயே தாழ்ந்து நிற்குது. ராடை நெளிவெடுத்துத் தரேன் என்கிறார்கள்.

மேலப்பாளையம்:
வேண்டாம், புதுசு போடுங்க. மணல் போயிருப்பதால் லைனரில் (சிலிண்டரின் உள்சுவர்) நகத்தை ஓட்டிப் பாருங்க. கீறல் தட்டினால் லைனர், பிஸ்டன் ரிங் எல்லாம் சேர்த்தே மாற்றணும். ஃபில்டரிலிருந்து, இன்ஜினுக்குள் காற்று நுழையும் மேனிஃபோல்டு வரை உள்ள ஹோஸைக் கழுவாமல் மாட்டிவிடாதீங்க.

கேட்டவர்:
சரி அண்ணாச்சி. லைனரில் கீறல் தட்டுது. சாமானுக்கு ஆர்டர் சொல்லியாச்சு.