பேங்க்ரப்சி (திவால்) ரெக்கார்டை எங்கே தேடுவது? டெக்சாஸ் வந்து நாலு மாதம்தான் ஆகிறது, இங்கேயே ஃபைல் பண்ணலாமா?

எடிசன் டு இர்விங்:
வணக்கம். இரண்டு கேள்வி, ஒன்றைவிட்டு ஒன்றைக் கேட்க முடியாது, அதனால் சேர்த்தே போடுகிறேன். போன வருடம் வேலை போனது. எட்டு மாதம் கிரெடிட் கார்டிலேயே வீடு ஓடியது, நடுவில் மனைவி ஒரு ராத்திரி எமர்ஜென்சியில் இருந்தாள், அந்த பில் தனி. புது வேலை கிடைத்து நியூ ஜெர்சியின் எடிசனிலிருந்து இர்விங் வந்து நாலு மாதம் ஆகிறது. சம்பளம் முன்பு வாங்கியதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஐந்து கார்டும் சேர்த்து 61,000 டாலர் நிற்கிறது.

ஃபிரிஸ்கோவில் இருக்கும் நண்பர் இரண்டு வருடம் முன்பு சாப்டர் 7, அதாவது கடனைத் தள்ளுபடி செய்யும் வகை பேங்க்ரப்சி, போட்டவர். "என் கேஸையே எடுத்துப் பாரு, எந்த ஃபாரத்தில் என்ன எழுதணும்னு புரியும், பப்ளிக் ரெக்கார்டுதானே" என்றார். கேஸ் நம்பர் அவரிடம் இல்லை. டாலஸ் கவுன்ட்டி கோர்ட் சைட்டில் தேடினேன், இல்லை. பப்ளிக் ரெக்கார்ட்ஸ் தேடித் தருவதாகச் சொன்ன ஒரு சைட்டுக்கு 40 டாலர் கட்டினேன், அதே பேரில் இன்னொரு மாநிலத்து ஆளின் டிராஃபிக் டிக்கெட்டைக் காட்டியது. அப்புறம் கோர்ட் ரெக்கார்டுகளுக்கான அரசு சைட்டான பேசரில் கணக்குத் தொடங்கி நார்தர்ன் டிஸ்ட்ரிக்ட்டில் தேடினேன், அங்கேயும் இல்லை. ரெக்கார்டை அழித்துவிடுவார்களா?

இரண்டாவது, நான் இங்கேயே போடலாமா, நியூ ஜெர்சிக்குப் போகணுமா? இன்னொன்றும் உறுத்துகிறது. பப்ளிக் என்றால் நாளைக்கு யார் வேண்டுமானாலும் என் பேரையும் பார்க்கலாம்தானே? ஊரில் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தவன் என்று ஒருத்தரைச் சொன்னால் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் அந்தப் பேர் போகாது.

கடைசி பெஞ்ச்:
அழிக்கவில்லை, நீங்கள் வேறு வீட்டுக் கதவைத் தட்டுகிறீர்கள். பேங்க்ரப்சி முழுக்க ஃபெடரல், அதாவது மத்திய அரசு விஷயம், கவுன்ட்டி கோர்ட்டில் அந்தக் கேஸே இருக்காது. டெக்சாஸில் நாலு ஃபெடரல் டிஸ்ட்ரிக்ட் உண்டு. டாலஸ் கவுன்ட்டி நார்தர்ன், ஆனால் ஃபிரிஸ்கோ, பிளேனோ எல்லாம் ஈஸ்டர்ன். அரை மணி நேர டிரைவ்தான், கோர்ட் வேறு.

டிஸ்ட்ரிக்ட் தெரியாவிட்டால் பேசரிலேயே கேஸ் லொகேட்டர் என்று ஒன்று இருக்கிறது, நாடு முழுக்க ஒரே இடத்தில் தேடும். பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். ஒன்றும் சிக்காத தேடலுக்கும் ஒரு பக்கக் காசு உண்டு. ஆனால் மூன்று மாதக் கணக்கு 30 டாலரைத் தாண்டாவிட்டால் பில்லே வராது. அந்த 40 டாலரை நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது.

மல்லிகா டீச்சர்:
தம்பி, பேரை எப்படிப் போட்டுத் தேடினீர்கள்? நம் ஆட்களுக்கு அதுதான் சிக்கல். அப்பா பேர் லாஸ்ட் நேமாக இருக்கும், அல்லது சொந்தப் பேரே லாஸ்ட் நேமாகி முதல் கட்டத்தில் எஃப்.என்.யூ. (முதல் பேர் தெரியாது) என்று உட்கார்ந்திருக்கும். என் வீட்டுக்காரரின் பேர் லைசென்ஸில் ஒரு மாதிரி, சோஷியல் செக்யூரிட்டி கார்டில் ஒரு மாதிரி. இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். பெட்டிஷனில் கடந்த 8 வருடத்தில் பயன்படுத்திய எல்லாப் பேரையும் கேட்பார்கள், ஒழுங்காக எழுதியிருந்தால் ஏதாவது ஒன்றில் மாட்டும்.

காசு செலவழிக்க மனமில்லை என்றால் கோர்ட் கிளார்க் ஆபீஸில் பொதுமக்களுக்கென்று கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள், திரையில் பார்ப்பது இலவசம், பிரின்ட் எடுத்தால்தான் காசு. பெரும்பாலான கோர்ட்டுகளில் போனில் கேட்கும் இலவச வசதியும் உண்டு, பேரைச் சொன்னால் கேஸ் நம்பர், போட்ட தேதி, எந்தச் சாப்டர், டிஸ்சார்ஜ், அதாவது கடன் தள்ளுபடி, ஆனதா என்பதெல்லாம் மெஷின் வாசிக்கும். அந்த மெஷினுக்கு நம் பேர் புரியும் வரை பொறுமை வேண்டும், அது வேறு.

ஓ.எம்.ஆர். முன்னாள்:
நான் போட்டவன், அதனால் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஃபைல் பண்ணும் நாளுக்கு முந்தைய 180 நாளில் அதிக நாள் எந்த டிஸ்ட்ரிக்ட்டில் குடியிருந்தீர்களோ அங்கே போட வேண்டும். நாலு மாதம் என்றால் 90 நாளைத் தாண்டிவிட்டீர்கள், இர்விங் ஆளுக்கு நார்தர்ன், அதாவது டாலஸ்.

ஆனால் எல்லாரும் வழுக்கி விழும் இடம் அடுத்தது. எந்தப் பொருளை வைத்துக்கொள்ள விடுவார்கள் என்ற எக்ஸெம்ப்ஷன் பட்டியலுக்குக் கணக்கு வேறு. 730 நாளாக ஒரே மாநிலத்தில் இல்லாதவருக்கு, அந்த 730 நாளுக்கும் முந்தைய 180 நாள் எங்கே இருந்தாரோ அந்த மாநிலத்துச் சட்டம்தான். அப்போதும் நீங்கள் எடிசனில்தான் இருந்தீர்கள் என்றால், டாலஸில் உட்கார்ந்து நியூ ஜெர்சி சட்டப்படி கணக்குப் போட வேண்டும். நியூ ஜெர்சி ஃபெடரல் பட்டியலையும் தேர்ந்தெடுக்க விடுகிறது, அந்த மட்டில் பரவாயில்லை. டெக்சாஸ் தாராளம் என்று யூடியூபில் பார்த்துவிட்டு அந்த நம்பிக்கையில் ஃபாரம் எழுதாதீர்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போடுவதற்கு முந்தைய 180 நாளுக்குள் அங்கீகாரம் உள்ள ஒரு ஏஜென்சியில் கிரெடிட் கவுன்சிலிங் முடித்து சர்டிஃபிகேட் வாங்க வேண்டும், அது இல்லாமல் போட்டால் கேஸே தள்ளுபடி ஆகலாம். சாப்டர் 7 கட்டணம் 338 டாலர், மொத்தமாக இல்லையென்றால் நாலு தவணை கேட்கலாம், வருமானம் ரொம்பக் குறைவென்றால் தள்ளுபடியும் கேட்கலாம். வருமானத் தகுதி பார்க்கும் மீன்ஸ் டெஸ்ட்டுக்கு, போடும் மாதத்துக்கு முந்தைய ஆறு முழு மாத வருமானம்தான் கணக்கு. நீங்கள் பாதி நாள் வேலையில்லாமல் இருந்தவர், ஆகவே எந்த மாதம் போடுகிறீர்கள் என்பதிலேயே விஷயம் இருக்கிறது. நீங்கள் மட்டும் போட்டாலும் மனைவி சம்பளமும் அந்தக் கணக்கில் வரும்.

போட்ட நிமிடத்திலிருந்து ஸ்டே, அதாவது கடன் கொடுத்தவர்கள் வசூல் கேட்கத் தடை. எனக்கு ஒரு திங்கட்கிழமை காலை போன் ஒரு தரம்கூட அடிக்கவில்லை, சார்ஜ் இறங்கிவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன்.

கடைசி பெஞ்ச்:
எடிசன், ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். ஊரில் நிலம், நகை ஏதாவது?

எடிசன் டு இர்விங்:
தாத்தா நிலத்தில் எனக்கும் பங்கு உண்டு, பட்டா பெரியப்பா பேரில் இருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை. ஊர் பேங்க்கில் வெளிநாட்டு இந்தியருக்கான என்.ஆர்.இ. கணக்கில் கொஞ்சம் இருக்கிறது. கல்யாண நகை மனைவியுடையது. அப்புறம், மச்சானிடம் கைமாற்று வாங்கிய 4,000 டாலரை மார்ச்சில்தான் திருப்பிக் கொடுத்தேன். இதெல்லாம் இங்கே எதற்கு?

ஓ.எம்.ஆர். முன்னாள்:
இதுதான் எல்லாவற்றுக்கும் முதலில் பேச வேண்டியது. சொத்து உலகத்தில் எங்கே இருந்தாலும், யார் பேரில் இருந்தாலும், உங்கள் உரிமை எவ்வளவோ அதை எழுத வேண்டும். பிரிக்காத பங்கையும், பிரிக்கவில்லை என்று சொல்லித் தோராய மதிப்போடு எழுதுங்கள். என்.ஆர்.இ. கணக்கும் அப்படியே. நகை யாருடையது என்பது தனிக் கதை, வக்கீலிடம் கேளுங்கள். உங்கள் சொத்துக் கணக்கைச் சரிபார்க்க நியமிக்கப்படும் டிரஸ்டிக்கு உசிலம்பட்டி எங்கே தெரியப்போகிறது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் சத்தியப்பிரமாணம் வாங்கிக்கொண்டு "வெளிநாட்டில் சொத்து உண்டா" என்று நேராகவே கேட்கலாம். தெரிந்தே மறைத்தால் ஃபெடரல் குற்றம், 5 வருடம் வரை ஜெயில்.

மச்சான் விஷயம் அதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. போடுவதற்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் உறவினருக்குக் கடனைத் திருப்பியிருந்தால் அதைத் தனியாகக் கேட்பார்கள். "மற்றவர்களுக்கு இல்லாதது இவருக்கு மட்டும் ஏன்" என்று டிரஸ்டி அந்த 4,000-ஐ மச்சானிடமே திரும்பக் கேட்கலாம். இப்போது அவசரப்பட்டு மச்சானிடமிருந்து வாங்குவது, வேறு பேருக்கு மாற்றுவது எதுவும் வேண்டாம். ஒரு வருடம் கழியும்வரை காத்திருக்கலாமா என்பதை வக்கீல் சொல்லட்டும். முதல் சந்திப்பு இலவசம் என்று சொல்லும் வக்கீல்கள் நிறைய. காசில்லையென்றால் லீகல் எய்ட். ஃபாரம் நிரப்பித் தருகிறேன் என்று குறைந்த காசில் வருபவர் வக்கீல் இல்லை, டைப் அடிக்க மட்டுமே அவருக்கு அனுமதி, எந்தச் சாப்டர் நல்லது என்றுகூட அவர் சொல்லக் கூடாது.

மல்லிகா டீச்சர்:
பேர் வெளியே தெரிவது பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. ரெக்கார்ட் பப்ளிக்தான், மறைக்க முடியாது, கிரெடிட் ரிப்போர்ட்டிலும் சாப்டர் 7 பத்து வருடம் வரை நிற்கும். ஆனால் சோஷியல் நம்பரின் கடைசி நாலு எண் மட்டுமே வெளியே தெரியும், முழு நம்பர் எழுதும் ஃபாரம் தனியாகப் போகும். பேங்க் கணக்குக்கும் கடைசி நாலு எண், பிள்ளைகளுக்கு இனிஷியல் மட்டும். பேசரில் கணக்குத் தொடங்கி உங்கள் பேரைத் தேடும் அளவுக்கு எந்தச் சித்தப்பாவுக்கு அக்கறை? கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் போவது கடன் கொடுத்தவர்களுக்கு. ஆனால் நீங்கள் கைமாற்று வாங்கி இன்னும் திருப்பிக் கொடுக்காத சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவரையும் கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் எழுதியாக வேண்டும், அவர் வீட்டுக்கும் தபால் போகும். அவரிடம் மட்டும் நீங்களே முன்னால் சொல்லிவிடுங்கள்.

எடிசன் டு இர்விங்:
கிடைத்துவிட்டது. கேஸ் லொகேட்டரில், பேரைத் திருப்பிப் போட்டதும், ஈஸ்டர்ன் டிஸ்ட்ரிக்ட்டில். மல்லிகா டீச்சருக்கும் கடைசி பெஞ்சுக்கும் நன்றி. பெட்டிஷனும், சொத்து, கடன் பட்டியலான ஷெட்யூல்களும் சேர்த்து 58 பக்கம், 3 டாலர்.

வீட்டுச் சாமான் என்ற கட்டத்தில் அவர் சோபா, 150 டாலர் என்று எழுதியிருக்கிறார். போன தீபாவளிக்கு அதில்தான் உட்கார்ந்து சாப்பிட்டேன். மிக்ஸி, கிரைண்டர் 40. பையனின் கீபோர்ட் 60. எப்படி எழுதணும் என்று புரிந்தது, அதற்கு மேல் படிக்க முடியவில்லை, மூடிவிட்டேன்.

வியாழக்கிழமை வக்கீலைப் பார்க்கிறேன். மச்சானுக்குக் கொடுத்த தேதியை பேங்க் ஸ்டேட்மென்ட்டில் பார்த்தேன், மார்ச் 19. பெரியப்பாவிடம் நிலத்தின் சர்வே நம்பர் கேட்க வேண்டும், என்ன காரணம் சொல்லிக் கேட்பது என்றுதான் இன்னும் யோசிக்கிறேன்.

கடைசி பெஞ்ச்:
வக்கீல் கேட்டார் என்று சொல்லுங்கள். உண்மைதானே.