ஸ்கேன் மட்டும் எடுத்துச் சந்தேக மரணத்தின் காரணத்தைக் கண்டறிந்துவிட முடியுமா?

சட்ட மாணவர்:
உடலை அறுக்காமல் கொடுத்துவிடுங்கள் என்று பிணவறை வாசலில் உறவினர்கள் மன்றாடுவது நம் ஊரில் அன்றாடக் காட்சி. டெல்லி எய்ம்ஸில் 2021ஆம் ஆண்டு, சி.டி. ஸ்கேன் வழியே பிரேதப் பரிசோதனை செய்யும் மையம் தொடங்கப்பட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 194ஆம் பிரிவும் உடலைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்கிறதே தவிர, அறுத்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. அப்படியானால் ஸ்கேன் அறிக்கையோடு நிறுத்திக்கொள்வதில் என்ன தடை?

கதிரியக்க மருத்துவர்:
எலும்பு, உலோகம், காற்று ஆகிய மூன்றிலும் சி.டி. மிகத் தேர்ந்தது. மண்டையோட்டு முறிவு, உடலுக்குள் தங்கிய குண்டு, மூளையைச் சுற்றிய இரத்தக்கசிவு ஆகியவற்றை, உடல் வைத்த பையைத் திறக்காமலேயே பார்த்துவிடலாம். மெல்போர்னில் உள்ள விக்டோரிய தடய மருத்துவ நிறுவனம் 2005இல் ஸ்கேனர் நிறுவி, தன்னிடம் வரும் ஏறக்குறைய எல்லா உடல்களையும் முதலில் ஸ்கேன் செய்கிறது.

தடய மருத்துவர்:
மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திடீர் மரணங்களில் பெரும்பங்கு வகிப்பது இதயம், சாதாரண சி.டி.யின் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. இங்கிலாந்தில் 182 உடல்களை ஸ்கேன் செய்து, பிறகு அறுத்தும் பார்த்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், மரணக் காரணம் பற்றிய முடிவு, அறுத்துக் கண்ட முடிவிலிருந்து சி.டி.யில் 32 விழுக்காடு உடல்களிலும் எம்.ஆர்.ஐ.யில் 43 விழுக்காடு உடல்களிலும் பெரிதாக மாறுபட்டது. இதயத் தமனி நோய், நுரையீரல் தமனி அடைப்பு, நிமோனியா போன்றவையே அதிகம் தவறிப்போயின. இறந்தபின் இரத்தம் உடலின் கீழ்ப்பக்கம் இறங்கித் தேங்குவதால், மல்லாந்து கிடந்த உடலின் நுரையீரல் முதுகுப்புறம் வெளுத்துத் தெரியும். உயிருள்ளவர்களின் படங்களை மட்டுமே பார்த்துப் பழகியவர் அதை நிமோனியா என்று எழுதிவிடக்கூடும். அழுகலில் உண்டாகும் வாயுவும் இதே போல ஏமாற்றும்.

எங்கள் கத்தி தோற்கும் இடமும் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். இதய அறைக்குள் காற்று புகுந்து ஒருவர் இறந்திருந்தால், கவனமின்றி நெஞ்சைத் திறந்த மாத்திரத்தில் தடயம் பறந்துவிடும். அதனால்தான் இதய உறையில் நீர் நிரப்பி, நீருக்கடியில் இதயத்தைத் துளைத்து, குமிழி எழுகிறதா என்று பார்க்கிறோம். சி.டி.யில் அந்தக் காற்று கருமையாக அப்படியே தெரியும். ஆகவே முதலில் ஸ்கேன், பிறகு எங்கே, எவ்வளவு அறுப்பது என்ற முடிவு என்பதே என் பரிந்துரை.

சட்ட மாணவர்:
விஷம், கழுத்து நெரிப்பு போன்ற வழக்குகளில்?

தடய மருத்துவர்:
விஷத்துக்குப் படம் போதாது. இரத்தமும் உள்ளுறுப்பு மாதிரிகளும் இரசாயனப் பகுப்பாய்வுக்குப் போயே தீரவேண்டும். கழுத்தில் நாவடி எலும்பின் முறிவு தெரியலாம், ஆனால் தசையில் கன்றியிருக்கும் சிறு காயம் தப்பிவிடும். கொலை என்று ஐயம் இருந்தால் நான் அறுக்காமல் சான்று எழுத மாட்டேன்.

கதிரியக்க மருத்துவர்:
வழக்கறிஞராகப் போகிறவர் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். உடல் எரியூட்டப்பட்ட பிறகும் ஸ்கேன் கோப்பை எதிர்த்தரப்பு மருத்துவர் மறுபடி பார்க்க முடியும். ஆனால் அது மின்னணு ஆவணம். சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழ் கேட்பார்கள், படத்தை வாசித்தவரும் சாட்சிக் கூண்டேற வேண்டியிருக்கும்.