புதுப்பிப்பு: முதுகில் அடிபட்டபின் வேலைக்குத் திரும்புதல், எடை தூக்குவது பற்றி

அரை நாள் வேலையில் தொடங்குங்கள், 30 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். பலரும் கேட்டது: எப்போது எடை தூக்கலாம்?

மருத்துவரோ பிசியோதெரபிஸ்ட்டோ சரி என்றபின், இடுப்பு உயரத்தில் உள்ள இலேசான பொருளில் தொடங்குங்கள். தரையிலிருந்து தூக்குவது கடைசிப் படி. எத்தனை கிலோ என்பதோடு, அது உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதையும் பாருங்கள். 5 கிலோ பெட்டியை வயிற்றோடு அணைத்தால் சிரமமில்லை. கையை நீட்டிப் பிடித்தால் கீழ்முதுகுத் தசை பல மடங்கு இழுக்க வேண்டிவரும். திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் பாதங்களை நகர்த்துங்கள். தூக்கியபடியே முறுக்கும்போதுதான் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

காலை எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்து தூக்கவே வேண்டாம். இரவில் முதுகெலும்பு வட்டுகள் (எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்குகள்) நீர் உறிஞ்சி உப்பியிருக்கும். அப்போது குனிந்தால் அழுத்தம் அதிகம்.

மாலையில் இலேசாக வலிப்பது சகஜம். மறுநாள் காலையிலும் வலி கூடியிருந்தால் முந்தைய அளவுக்கு இறங்குங்கள், ஆனால் படுத்தே கிடக்காதீர்கள். முதுகுக்குப் போடும் பெல்ட்டை நம்பி எடையைக் கூட்டுவதும் வேண்டாம்.

தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, கால் வலுவிழந்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.