போனைப் பிடுங்கிவிட மாட்டீர்களே, அப்பத்தா?

பள்ளத்தூரிலிருந்து:

மகனும் மருமகளும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். ஆறாவது படிக்கும் பேரன் என்னிடம் வளர்கிறான். போன வாரம் ஒரு மத்தியானம் வீட்டின் உள்முற்றமான வளவின் தாழ்வாரத்தில் படுத்திருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் உள்ள பூவின் இதழை விரலால் சுற்றிச் சுற்றி வரைந்துகொண்டே, "ஒன்று சொன்னால் போனைப் பிடுங்கிவிட மாட்டீர்களே, அப்பத்தா?" என்றான்.

"மாட்டேன், சொல்லப்பா" என்றேன். வாக்குக் கொடுத்த பிறகுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது.

போன் விளையாட்டில் கூடச் சேர்ந்து ஆடும் ஓர் 'அண்ணன்'. ஒரு மாதப் பழக்கம். அந்த விளையாட்டில் காசுபோலச் செலவழிக்கும் டைமண்டெல்லாம் வாங்கிக் கொடுத்திருக்கிறான். முதலில் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டிருக்கிறான், பிறகு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று. கடைசியில் சட்டையில்லாமல் ஒரு படம் அனுப்பச் சொல்லி, "வீட்டில் சொல்லாதே" என்றும் எழுதியிருக்கிறான். பிள்ளை அனுப்பவில்லை. ஆனால் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நான் வெயில் என்று நினைத்து மோர் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

திட்ட வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போனேன். "திண்ணையில் யாரும் உட்காரலாம், தண்ணீர் கொடுப்போம். முகப்புக்குத் தெரிந்தவர்கள் வருவார்கள். வளவுக்குள் உறவுக்காரர்கள். உன் அறைக்குள்?" "என்னைக் கேட்டுத்தான் வர வேண்டும்" என்றான். "அந்த அண்ணன் எதுவரை வந்தான்?" யோசித்துப் பார்த்து, "அறைவரை வந்துவிட்டான்" என்று சொல்லி அழுதான். "நுழைந்தது அவன், தப்பு அவனுடையது" என்றேன். உறவுக்காரரே ஆனாலும் 'சொல்லாதே' என்று ஒருவர் சொன்னால், அதை முதலில் என்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்றும் சொன்னேன். அன்றைக்கே அந்த அண்ணனுடைய செய்திகளையெல்லாம் அழித்துவிட்டோம். மகன் போனை வாங்கி வைக்கச் சொன்னான். வாக்குக் கொடுத்துவிட்டேன், முடியாது என்றேன்.

தேவகோட்டையிலிருந்து:

அம்மா, அந்த வாக்கைக் காப்பாற்றினீர்களே, அதற்கு உங்களைக் கும்பிட வேண்டும். நான் ஆசிரியை. என்னிடம் வந்த ஒரு மாணவி ஏற்கெனவே படம் அனுப்பிவிட்டிருந்தாள். இன்னொன்று அனுப்பு, இல்லாவிட்டால் எல்லோருக்கும் பரப்புவேன் என்று மிரட்டல். போன் போய்விடுமே என்ற பயத்தில் இரண்டு மாதம் வீட்டில் வாயைத் திறக்கவில்லை.

அவளுடைய அம்மாவோடு உட்கார்ந்து, மிரட்டல் செய்திகளையும் கணக்கின் பெயரையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே பிளாக் செய்தோம். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைத்தோம், கட்டணம் இல்லை, நள்ளிரவிலும் எடுப்பார்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்தோம். குழந்தைகள் தொடர்பான புகாரை அங்கே பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம்.

பையன்தானே என்று விட்டுவிடாதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவருக்கும் பொது. உங்கள் பேரனிடம் கேட்டவன் இன்று வேறொரு பிள்ளையிடம் கேட்டுக்கொண்டிருப்பான்.

பள்ளத்தூரிலிருந்து:

அழித்தது தப்பென்று இப்போதுதான் தெரிகிறது, அம்மா. பேரனிடம் கேட்டேன். கணக்கின் பெயர் நினைவிருக்கிறதாம். காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறான். டைமண்ட் வந்த தேதியும் விளையாட்டிலேயே பதிவாகியிருக்கிறது என்கிறான். நாளைக் காலையில் அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே 1098க்குப் பேசுகிறேன்.