மறு: ரைபிள் கிரனேடுக்கு என்ன சொல்? வெள்ளிக்குள் வேண்டும்

குழுமத்தாருக்கு வணக்கம்.

முதல் உலகப்போர்க் காலத்துப் பிரிட்டிஷ் ரைபிள் கிரனேடுகளை, மருந்து நீக்கியவைதான், ஒரு சேகரிப்பாளர் காட்சிக்கு வைக்கிறார். தமிழ் அட்டைகள் என் பொறுப்பு. அகராதியைப் பார்த்து 'துப்பாக்கிக் கையெறிகுண்டு' என்று எழுதி அனுப்பினேன். "கையால் எறிவதா, துப்பாக்கியால் சுடுவதா, ஒன்றைச் சொல்லுங்கள்" என்று திருப்பிவிட்டார். நியாயம்தான்.

பெயரோடு சிக்கல் முடியவில்லை. மில்ஸ் குண்டில் 5, 23, 36 என்று மூன்று எண்கள். 1915-ல் பர்மிங்காமில் வில்லியம் மில்ஸ் கொண்டுவந்த 5 கையால் எறிவது. அதன் அடியில் உள்ள திருகு மூடியில் துளை போட்டு மரை வெட்டி ஒரு இரும்புக் கம்பியைத் திருகினால் அது 23. கம்பி ரைபிள் குழலுக்குள் இறங்கும். 36-ல் கம்பி போய் அடியில் 2½ அங்குல எஃகுத் தட்டு வந்துவிட்டது, துப்பாக்கி முனையில் மாட்டிய கிண்ணத்துக்குள் குண்டை உட்காரவைத்துச் சுடுவார்கள். மூடி, கம்பி, தட்டு, கிண்ணம், நான்குக்கும் சொல் வேண்டும். வெள்ளிக்கிழமை அச்சு.

* * *

> துப்பாக்கிக் கையெறிகுண்டு

'கை'யை எடுத்துவிட்டால் 'எறிகுண்டு', வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும், வேலை முடிந்தது. எறிதல் என்றால் வீசுதல் மட்டும்தான் என்று யார் சொன்னது? "களிறு எறிந்து பெயர்தல் காளைக்குக் கடனே" என்று பொன்முடியார் பாடியபோது காளை யானையைத் தூக்கி வீசவில்லை ஐயா, வெட்டி வீழ்த்தினான்.

கிண்ணத்துக்கு 'உமிழ்கலம்'. மதுரைக் கோட்டை மதிலில் "கல்லுமிழ் கவண்" இருந்ததாக இளங்கோவடிகளே சொல்கிறார். ஆயத்தமாக இருக்கும் சொல்லை விட்டுவிட்டு எங்கே தேடுகிறீர்கள்?

* * *

உமிழ்கலம் என்று அட்டையில் போட்டால் பார்க்க வருகிறவர் அதைப் படிக்கம் என்று நினைப்பார். என் பாட்டி வெற்றிலை துப்ப வைத்திருந்தது பித்தளையில் இருந்தது.

கிரனேட் என்ற சொல்லே மாதுளையிலிருந்து வந்ததுதானே, 'மாதுளங்குண்டு' என்றால் என்ன குறைந்துவிடும்? உள்ளே முத்து முத்தாக. ஆனால் மில்ஸ் குண்டின் படத்தைப் பார்த்தால் எனக்குச் சீத்தாப்பழம்தான் ஞாபகம் வருகிறது.

* * *

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு. எங்கள் பக்கம் கையால் எறிவது கைக்குண்டு. யாரோ தனிமடலில் 'எறிகணை' என்றும் கேட்டிருந்தார், தயவுசெய்து வேண்டாம். அது எங்களுக்கு ஷெல். அந்தச் சொல்லைக் கேட்டுப் பதுங்குகுழிக்குள் இறங்கிய ஆட்கள் இருக்கிறோம், எங்களுக்கு அதன் பொருளை இனி மாற்ற முடியாது.

* * *

கம்பிக்குத் 'தண்டு'. தண்டு என்றால் படை என்றும் பொருள், தண்டநாயகன், தண்டெடுத்தல், எல்லாம் கல்வெட்டுக் காலத்திலிருந்து வருகிறது. போர்க்கருவிக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

* * *

தண்டநாயகன் வடசொல்!

* * *

தாமரைத் தண்டும் வடசொல்லா? இந்தச் சண்டையை இரண்டு வருடம் முன்பே போட்டு முடித்தோம், பழைய மடல்களைத் தேடிப் பாருங்கள்.

* * *

லேத் பட்டறையில் முப்பது வருடம் நின்றவன் சொல்கிறேன். கம்பி, கம்பிதான். ஆனால் பழம் என்று ஆரம்பித்துவிட்டீர்கள், பழத்துக்கு அடியில் இருப்பது காம்பு. 23 'காம்புக் குண்டு', 36 'கிண்ணக் குண்டு'. மூடிக்கு 'அடிமூடி', தட்டுக்கு 'வில்லை'. எந்தப் பையனும் கேட்டவுடன் கையை அந்த இடத்தில் வைப்பான்.

அப்புறம் ஒன்று. அடிமூடி திருகு மரையில் கழன்று வருவது. நூறு வருடத்தில் எத்தனை பேர் மாற்றிப் போட்டிருப்பார்கள்? செய்தவர் பெயரும் எண்ணும் அந்த மூடியில்தான் அடித்திருக்கும். 5-இன் உடம்பில் 23-இன் மூடி உட்கார்ந்தால் பெயர் எதைப் பார்த்து வைப்பீர்கள், உடம்பையா மூடியையா?

* * *

நல்ல கேள்வி, இதற்கு இலக்கணமே விடை வைத்திருக்கிறது. தோன்றல், திரிதல், கெடுதல். 5-க்கு அடியில் காம்பு தோன்றினால் 23. காம்பு வில்லையாகத் திரிந்தால் 36. ஹேல்ஸ் குண்டில் (அதுவும் அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் ரைபிள் கிரனேடுதான்) 3-ஆம் எண்ணுக்குக் காற்றாடி உண்டு, 20-ஆம் எண்ணில் அது கெட்டுவிட்டது. வகை, மாற்றுரு என்று தேட வேண்டாம், 'விகாரம்' என்றே போடுங்கள்.

* * *

"23-இன் முதல் விகாரம்" என்று அட்டை எழுதினால் சேகரிப்பாளர் என் மேலேயே எறிவார். 'வகை' போதும்.

மேஜையில் நேரில் பார்த்தபின் எழுதுகிறேன். 23 என்று அவர் வைத்திருப்பதில் கம்பி இல்லை, மூடி நடுவில் மரை வெட்டிய துளை மட்டும்தான், உள்ளே துருவும் கொஞ்சம் பழைய மசகும். காம்பு இல்லாததைக் காம்புக் குண்டு என்று எப்படி எழுத? அதனால் 'காம்புத்துளை' என்றும் ஒரு சொல் சேர்த்துக்கொண்டேன். இன்னொன்றில் 36எம் என்று இருக்கிறது. மெசபடோமியா வெக்கைக்காக ஈரம் புகாமல் அடைத்த வகை, எம் அதைத்தான் குறிக்கிறது. '36மெ' என்று மாற்றச் சொல்லி வந்த தனிமடலுக்கு நன்றி, மாற்றவில்லை, இரும்பில் இருப்பதைத்தான் அட்டையிலும் போட முடியும்.

கை தூக்கியவர்களை எண்ணினேன். காம்புக் குண்டு, கிண்ணக் குண்டு, அடிமூடி: 7. உமிழ்கலம்: 1. மாதுளை: 2, அதில் ஒன்று விளையாட்டு. தட்டுக்கு, சுடும்போது வாயு கசியாமல் தடுப்பதால், 'வாயுத்தடை வில்லை'. அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

* * *

அந்த ஒன்று என்னுடையது, பதிவில் இருக்கட்டும்.

ஒரே ஒரு ஐயம். தட்டு தொலைந்த குண்டுக்கு அட்டை எப்படி எழுதினீர்கள்? 'வாயுத்தடை வில்லை இல்லை' என்றா? சத்தமாக ஒருமுறை படித்துப் பாருங்கள்.

* * *

படித்தேன். அச்சகத்துக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன், எடுக்க மாட்டேன் என்கிறார்கள்.