மீன்தொட்டிப் பின்படம் திட்டுத்திட்டாக வெளுத்துத் தெரிகிறது: தண்ணீரை இறக்காமல் சரிசெய்ய முடியுமா?

கரையோரக்கெண்டை:

வணக்கம். என்னுடையது 3 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி. ஆறு மாதமாக ஓடுகிறது. இரண்டு ஏஞ்சல் மீன், ஆறு கோரி மீன் இருக்கின்றன. பின்பக்கம் சுவரும் ஒயர்களும் தெரிந்துகொண்டே இருந்ததால், செடிகள் அச்சிட்ட பின்படச் சுருள் வாங்கி, அளவுக்கு வெட்டி, நான்கு மூலையிலும் செலோடேப் போட்டு வெளிப்புறமாக ஒட்டினேன்.

முதல் நாளே சில இடங்கள் பால் ஊற்றியது போல வெளுத்துத் தெரிந்தன. விரலால் அழுத்தினால் அந்த இடத்தில் நிறம் பளிச்சென்று வருகிறது, விரலை எடுத்தால் போய்விடுகிறது. இரண்டு நாளில் தொங்கும் ஃபில்டர் இருக்கும் பக்கம் மேலிருந்து தண்ணீர் இறங்கி, ஒரு கோடு நல்ல நிறமாகவும் அதன் இரண்டு பக்கமும் வெளுப்பாகவும் ஆகிவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் சுவரில் ஓதம் ஏறிய மாதிரி இருக்கிறது.

யாரோ சொன்னார்கள் என்று சமையல் எண்ணெய் தடவி ஒட்டிப் பார்த்தேன். இரண்டு நாள் அருமையாக இருந்தது. இப்போது எண்ணெய் வழிந்து ஸ்டாண்டு மரத்தில் இறங்குகிறது, திட்டுகளும் திரும்பி வந்துவிட்டன. இன்னொரு விஷயம், பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் பின்படமே தெரிவதில்லை, முகம் பார்க்கும் கண்ணாடி போல இருக்கிறது. பெரிய ஏஞ்சல் பின்பக்கம் போய் முட்டிக்கொண்டே நிற்கிறது. இதற்கும் படத்துக்கும் தொடர்பு உண்டா?

தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே நான்கு விரல் அகலம்தான் இடம். தண்ணீரை இறக்காமல் ஏதாவது செய்ய முடியுமா?

பாசிபடிந்தகல்:

படத்தை எடுத்துவிட்டுப் பின்கண்ணாடிக்கு வெளியே கறுப்புப் பெயின்ட் அடித்துவிடுங்கள். நான் எல்லாத் தொட்டிக்கும் அதைத்தான் செய்கிறேன். திட்டு, குமிழி எதுவும் வராது.

கரையோரக்கெண்டை:

தொட்டி நிறைந்து, மீன்களோடு இருக்கிறதே. நான்கு விரல் சந்தில் பெயின்ட் அடிக்க முடியுமா என்று தெரியவில்லை. வாசனையும் பயமாக இருக்கிறது.

தெளிந்தநீர்:

பயப்படுவது சரிதான். ஏர் பம்ப் அறையில் இருக்கும் காற்றை உறிஞ்சி நேராகத் தண்ணீருக்குள் விடுகிறது. பெயின்ட் ஆவியும் அதோடு போகும். பெயின்ட் நல்ல வழிதான், ஆனால் அது தொட்டி காலியாக இருக்கும்போது செய்ய வேண்டியது. நகர்த்திப் பார்க்கலாம் என்றும் நினைக்காதீர்கள். உங்கள் அளவுக்கு ஏறக்குறைய 150 லிட்டர் தண்ணீர் இருக்கும், அதன் எடை மட்டும் 150 கிலோ. அப்படியே தள்ளும்போது ஸ்டாண்டு கொஞ்சம் முறுக்கினாலும், அந்தப் பாரம் கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் மூலைச் சிலிகானில்தான் வந்து விழும்.

உங்கள் படம் ஏன் இப்படித் தெரிகிறது என்று சொல்லிவிடுகிறேன். காரணம் புரிந்தால் எதைத் தடவலாம், எதைத் தடவக்கூடாது என்று நீங்களே முடிவு செய்யலாம்.

விளக்கு மேலே இருக்கிறது. மேலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் ஒளி பின்கண்ணாடியில் நன்றாகச் சாய்ந்துதான் விழும். கண்ணாடிக்குப் பின்னால் காற்று இருந்தால், கண்ணாடிக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 49 டிகிரிக்கு மேல் சாய்ந்து வரும் ஒளி வெளியே போகவே போகாது, முழுவதும் தொட்டிக்குள்ளேயே திரும்பிவிடும். பள்ளியில் படித்த முழு அக எதிரொளிப்பு இதுதான். விளக்கின் ஒளியில் பெரும்பகுதி உங்கள் படத்தைத் தொடுவதே இல்லை. அதற்கு மேல், நாம் முன்னாலிருந்து நேராகப் பார்க்கும்போது கண்ணாடியின் பின்முகம் ஒரு 4 சதவீதம், படத்தின் பளபளப்பான முகம் கிட்டத்தட்ட அதே அளவு, என்று எதிரே வரும் அறை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகின்றன. மங்கலான படத்தின் மேல் இந்த மினுக்கமும் சேர்ந்தால் பால் ஊற்றிய மாதிரிதான் இருக்கும்.

தண்ணீரோ எண்ணெயோ நடுவில் புகுந்த இடத்தில் காற்று இல்லை. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும் ஒளிவிலகல் எண்ணைப் பார்த்தால் காற்று 1, தண்ணீர் 1.33, கிளிசரின் 1.47, கண்ணாடி ஏறக்குறைய 1.5. கண்ணாடிக்குப் பக்கத்து எண் உள்ள ஒரு பொருள் நடுவில் இருந்தால் ஒளி தடையில்லாமல் படத்துக்குப் போய்த் திரும்பி வரும், நிறம் பளிச்சிடும். நீங்கள் விரலால் அழுத்தியபோது நடுவில் இருந்த காற்று விலகி நடந்ததும் அதுதான்.

ஆக, இந்தத் தொட்டியில் அரைகுறையாக ஒட்டியிருப்பதுதான் சங்கடம். ஒன்று முழுக்க ஒட்ட வேண்டும், இல்லை முழுக்க விலக்கி வைக்க வேண்டும். இரண்டுமே பார்க்க நன்றாக இருக்கும். நடுவில் நிற்பதுதான் கண்ணை உறுத்துகிறது.

பக்கவாட்டில் கண்ணாடியாகத் தெரிவதும் இதே கதைதான். அந்தப் பக்கமிருந்து நம் பார்வை பின்கண்ணாடியில் மிகவும் சாய்ந்து படுகிறது, அதனால் அங்கே முழு எதிரொளிப்பு. ஏஞ்சல் தொட்டிக்குள்ளேயே இருந்து சாய்வாகப் பார்க்கிறது. அதற்கும் பின்கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடிதான். தன் உருவத்தையே இன்னொரு ஏஞ்சல் என்று நினைத்து முட்டிக்கொண்டு இருக்கலாம். படம் முழுக்க ஒட்டிவிட்டால் இது பெரும்பாலும் குறையும்.

கோரிக்கூட்டம்:

இவ்வளவு கஷ்டப்பட வேண்டுமா? படத்தை லேமினேட் செய்து தொட்டிக்கு உள்ளே இறக்கிவிட்டால் தண்ணீரே நன்றாக ஒட்ட வைத்துவிடும். கடலோரக் காட்சி ஒன்றை அப்படி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏஞ்சல்வீடு:

வேண்டாம் சகோ, இதை மட்டும் செய்யாதீர்கள். நான் செய்திருக்கிறேன். லேமினேட் செய்த படத்தை உள்ளே விட்டு மூன்று வாரம் அழகாக இருந்தது. பிறகு ஒரு ஓரம் விலகி, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு கோரி நுழைந்துவிட்டது. வெளியே வரத் தெரியவில்லை. காலையில் விளக்குப் போட்டபோதுதான் பார்த்தேன், உயிர் இல்லை. அந்தச் சந்தில் தண்ணீர் ஓட்டமே கிடையாது, தீனித் துணுக்கும் கழிவும் சேர்ந்து கறுப்பாக அழுகியிருந்தது. லேமினேஷன் ஓரத்தில் நீர் புகுந்து மையும் கரைய ஆரம்பித்திருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு சங்கடப்படுகிறது.

உள்ளே வைப்பதற்கென்றே வரும் பாறை மாதிரியான நுரைப் பின்னணி வேறு விஷயம். அதைக் காலித் தொட்டியில், ஓரம் முழுக்க இடைவெளி விடாமல் தொட்டிக்கான சிலிகான் வைத்து ஒட்டி, சிலிகான் முழுதாகக் காய்ந்த பிறகே தண்ணீர் விட வேண்டும். நுரை மிதக்கப் பார்க்கும், கொஞ்சம் போட்ட சிலிகான் தாங்காது. பூஞ்சை எதிர்ப்பு மருந்து கலந்த குளியலறைச் சிலிகான் கூடவே கூடாது.

கோரிக்கூட்டம்:

இது தெரியாமல் சொல்லிவிட்டேன். நன்றி, நானும் செய்ய மாட்டேன்.

கரையோரக்கெண்டை:

தெளிந்தநீர் ஐயா, இப்போதுதான் புரிகிறது. முழுக்க ஒட்டும் வழியையே முயன்று பார்க்கிறேன். எண்ணெய் வேண்டாம் என்றால் எதைத் தடவுவது? ஏற்கெனவே உள்ள எண்ணெயை எப்படி எடுப்பது?

தெளிந்தநீர்:

சமையல் எண்ணெய் நீர்த்திருப்பதால் வழியும், நாள்பட்டால் சிக்கு வாடை அடித்துப் பசையாகும், பூச்சியும் வரும். வெறும் தண்ணீர் என்றால் சில நாளில் காய்ந்து, உப்புப் படிவத்தை விட்டுவிட்டுப் போகும். கிளிசரின் நல்ல பொருள், துடைத்தால் தண்ணீரிலேயே போய்விடும், ஆனால் கொஞ்சம் அதிகமானால் கீழே இறங்கும். உங்கள் இடத்துக்கு நான் பெட்ரோலியம் ஜெல்லி என்பேன், வாசலின் வகை. காயாது, ஓடாது. நிறமும் மணமும் சேர்க்காததாகப் பாருங்கள்.

எண்ணெய் எடுக்க ஈரத் துணியில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி. பிறகு வெறும் ஈரத் துணியால் இரண்டு முறை, கடைசியில் உலர்ந்த துணி. சோப்பு ஒரு துளிகூடத் தொட்டிக்குள் போகக் கூடாது, அதனால் மேல் மூடியை ஒரு துண்டால் மூடிவிட்டுச் செய்யுங்கள். தண்ணீர் இறங்கிய இடத்தில் வெள்ளைப் படிவம் இருந்தால் வினிகர் நனைத்த துணியைச் சிறிது நேரம் ஒட்ட வைத்தால் இளகும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் தொட்டிக்கு அருகில் வேண்டவே வேண்டாம், அது மீனுக்கு நஞ்சு.

ஏஞ்சல்வீடு:

ஒட்டும் முறையை நான் சொல்கிறேன், குறுகிய சந்தில் நானே இரண்டு முறை செய்தது. கட்டாயம் இன்னொரு ஆள் வேண்டும். முதலில் ஹீட்டர், ஃபில்டர், விளக்கு எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள். ஈரக் கையோடு பின்னால் போகப் போகிறீர்கள்.

படத்தை ஒவ்வொரு பக்கமும் ஒரு நூல் அளவு குறைத்து வெட்டுங்கள். மூலையில் இருக்கும் சிலிகான் மேட்டில் படம் ஏறி நின்றால் அங்கேயிருந்துதான் காற்று புகும். வெட்டிய படத்தை மேசையில் அச்சுப் பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, முதலில் ஒரு மூலையில் ஜெல்லி தடவிச் சிறிது நேரம் பாருங்கள், மை கரைகிறதா என்று. கரையவில்லை என்றால் இரண்டு நெல்லிக்காய் அளவு ஜெல்லி முழுப் படத்துக்கும் போதும். ஸ்பாஞ்சால் மெலிதாக, எங்கும் விட்டுப்போகாமல் இழையுங்கள். தடிமனாகப் பூசினால் நன்றாக ஒட்டும் என்று தோன்றும். அப்படியில்லை, தடித்த இடம் அலை அலையாகத் தெரியும்.

பிறகு படத்தை ஒரு குழாயில் மேல் ஓரம் வெளியே இருக்கும்படி தளர்வாகச் சுருட்டுங்கள். ஒருவர் மேல் ஓரத்தைக் கண்ணாடியின் மேல் விளிம்புக்கு நேராகப் பிடித்து டேப்பால் நிறுத்த, மற்றவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே பிரித்துவிட வேண்டும். நான்கு விரல் அளவு பிரித்ததும் நிறுத்தி, மெல்லிய துணி சுற்றிய மரஸ்கேலால் நடுவிலிருந்து இரண்டு ஓரத்துக்கும் தேய்த்துக் காற்றை விரட்டுங்கள். அப்புறம் அடுத்த நான்கு விரல். ஒரேயடியாகக் கீழே வரை விட்டுவிட்டால் நடுவில் மாட்டிய காற்றை அந்தச் சந்தில் வெளியேற்றவே முடியாது. இந்த இடத்தில் பொறுமை மிகவும் முக்கியம்.

முடிந்ததும் மேல் ஓரம் முழு நீளத்துக்கும் இடைவெளி இல்லாமல் டேப். அதற்கு முன்னால் அந்த ஓரத்தில் வழிந்த ஜெல்லியைச் சுத்தமாகத் துடையுங்கள், எண்ணெய்ப் பசை மேல் டேப் நிற்காது. ஃபில்டரிலிருந்து சிந்தும் தண்ணீர் இனி படத்துக்கு முதுகுப்பக்கமாகத்தான் இறங்க வேண்டும். கையைக் கழுவிவிட்டுத்தான் தொட்டிக்குள் விட வேண்டும்.

பாசிபடிந்தகல்:

விலக்கி வைக்கும் வழியையும் சொல்லிவிடுகிறேன், ஒட்டுவது சரிவராவிட்டால் உதவும். பளபளப்பு இல்லாத கறுப்பு அட்டையைக் கண்ணாடியைத் தொடாமல் சுவர் மேல் நிறுத்துங்கள். படம் அளவுக்குப் பளிச்சென்று இருக்காது, ஆனால் சீராக, ஆழமாகத் தெரியும். பின்புலம் கறுப்பாக இருந்தால் பல மீன்களின் நிறம் சில நாளில் கூடும், வெளிர்ப் பின்புலத்தில் வெளுக்கும். தங்கள் தோல் நிறத்தைச் சுற்றுப்புறத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்கின்றன.

என்றைக்காவது தொட்டியைக் காலி செய்தால் என் வழிக்கு வாருங்கள். தண்ணீர் சார்ந்த அக்ரிலிக் பெயின்ட், ஸ்பாஞ்ச் உருளை, மெல்லிய மூன்று நான்கு பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. பிடிக்காவிட்டால் பிளேடால் சுரண்டி எடுத்துவிடலாம்.

கரையோரக்கெண்டை (ஐந்து நாள் கழித்து):

செய்துவிட்டோம். எண்ணெயை எடுக்கவே அரை மணி ஆனது. முதல் முறை படம் சாய்ந்து போய், மேலே ஒரு விரல் அளவு வெற்றுக் கண்ணாடி தெரிந்தது. பிரித்து மறுபடி ஒட்டினோம். ஜெல்லி காயாததால் பிரிப்பது சுலபமாக இருந்தது. இரண்டாவது முறை நான்கு விரல், நான்கு விரலாக இறங்கியதில் ஏறக்குறைய முழுதும் ஒட்டிவிட்டது. விளக்குப் போட்டதும் வீட்டில் எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள். செடிகள் தொட்டிக்குள்ளேயே நிற்பது போல இருக்கின்றன.

ஏஞ்சல் இரண்டு நாளாகப் பின்பக்கம் முட்டவில்லை, நடுவில் நீந்துகிறது. பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் இப்போது படம் தெரிகிறது.

இரண்டு சந்தேகம். கீழே வலது மூலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவு குமிழி நின்றுவிட்டது, ஸ்கேல் அங்கே எட்டவில்லை. இன்னொன்று, இடது பக்கம் மேலே ஒரு மங்கல் திட்டு, எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை.

தெளிந்தநீர்:

மங்கல் திட்டை உள்பக்கமிருந்து விரலால் தடவிப் பாருங்கள். உள்ளே படிந்த பாசியாகவோ நீர்மட்டத்து உப்பாகவோ இருக்கலாம். ஆறு மாதம் பின்னால் எதுவும் இல்லாததால் கண்ணில் பட்டிருக்காது.

ஏஞ்சல்வீடு:

குமிழிக்குப் படத்தைப் பிரிக்க வேண்டாம். பழைய ஏடிஎம் கார்டு ஒன்றைத் துணியால் சுற்றி ஒரு குச்சியின் நுனியில் கட்டுங்கள். மேலிருந்து விட்டு, குமிழியைப் பக்கத்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். அந்த ஓரத்தில் டேப் போட்டிருந்தால் அந்த இடத்தில் மட்டும் தூக்கிவிடுங்கள், காற்று போய்விடும், பிறகு திரும்ப அழுத்துங்கள். ஊசியால் குத்த வேண்டாம், அந்த ஓட்டை வழியாக ஈரம் ஏறும்.

கரையோரக்கெண்டை:

திட்டு உள்ளே இருந்த பாசிதான், துடைத்ததும் போய்விட்டது. குமிழியை நாளைக்கு விளக்குப் போடும் முன் எடுத்துவிடுகிறேன். ஸ்டாண்டில் எண்ணெய் ஊறிய இடத்தைத் துடைத்துக் காய வைத்திருக்கிறேன், மரம் உப்பவில்லை. எல்லோருக்கும் நன்றி.